கோல் வாய்க்குப் போட்ட பூட்டு

தோற்கிற கட்சிக்குக் கைதட்டுவதற்கும் ஒரு தலையெழுத்து வேண்டும். மொக்கைச்சாமிக்கு அது நெற்றி கொள்ளாமல் எழுதியிருந்தது. திண்டுக்கல்லில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தார்கள். சினிமாக் கொட்டகைக்குப் போனார்கள், மாமியார் வீட்டுக்குப் போனார்கள், ஒன்றுமில்லாவிட்டால் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுத் தூங்கினார்கள். இந்த மனுசன் மட்டும் மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த பொட்டல் மைதானத்துக்குப் போய், விக்டரி கிளப் தோற்பதைப் பார்த்துவிட்டு, தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருவான்.

விக்டரி கிளப் என்று பேர் வைத்தவர் ராவுத்தர், தோல் பதனிடுகிற தோல் ஷாப்பின் முதலாளி. பந்து ஆடத் தெரிந்தவர்களாகத் தேடிப் பிடித்து வந்து வேலை கொடுப்பார். காலையில் பேருக்கு இரண்டு தோலை அலசினால் போதும், மிச்ச நேரமெல்லாம் பந்துதான். ஆடுவதற்கே சம்பளம் என்பது அந்தக் காலத்தில் லேசுப்பட்ட விஷயமா? ஆவாரம்பட்டைச் சாற்றில் முக்கியெடுத்த பழுப்பு பனியன்தான் அவர்களுக்குச் சட்டை. வெளியூர்க்காரர்கள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். அப்படி ஆடியும் ஜெயித்துவிட்டுப் போவார்கள்.

ஊருக்குள் அதற்கு வாங்கி கிளப் என்றுதான் பேர். திங்கட்கிழமை காலையில் பூட்டுப் பட்டறைக்குள் மொக்கைச்சாமி காலை வைக்கும் முன்பே, "நேத்து எத்தன வாங்குனாங்கப்பா?" என்று குரல் வரும். நான்கு என்பான். "பரவால்லயே, போன வாரம் ஆறுல்ல!" என்று அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். ஒரு தடவை எதிராளிகள் வந்த பஸ் வடமதுரையில் படுத்துவிட்டது. எப்படியோ லாரியில் தொற்றிக்கொண்டு எட்டே எட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். அந்த எட்டுப் பேரிடமும் மூன்று வாங்கினார்கள் நம்ம ஆட்கள். அன்றைக்கு மொக்கைச்சாமி சோறு தின்னவில்லை. அவன் பெண்டாட்டி கண்ணம்மாள் தட்டை நகர்த்திக்கொண்டே, "ஆடுனவங்கெல்லாம் ஓட்டல்ல இட்லி தின்னுக்கிட்டிருப்பாங்க. பாத்தவரு பட்டினி. நல்ல கூத்துதான்" என்றாள்.

அவனும் விட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. இனிமேல் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று மாரியம்மன் மேல் சத்தியம்கூடச் செய்தான். அடுத்த ஞாயிறு மூன்று மணி ஆனதும் கால் தானாகச் செருப்பைத் தேடும்.

ஐம்பத்து நாலில் பவுல்ராஜ் வந்தான். வடமதுரைப் பக்கத்து வேதக்காரக் குடும்பத்துப் பையன், இருபது வயது, வெறுங்காலில் ஆடுவான். கணுக்காலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அவன் பந்தை உருட்டிப்போனால், மாட்டுவண்டிக்காரர்கள்கூட வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பார்ப்பார்கள். அவன் வந்த பிறகு கிளப் ஐந்து, ஆறு என்று வாங்குவது குறைந்து, இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு என்று தோற்க ஆரம்பித்தது. ஜெயிப்பு என்னவோ வரவில்லை. பவுல்ராஜ் முன்னால் இரண்டு போட்டால், பின்னால் கீப்பர் சடையாண்டி மூன்று விடுவான். ஆனாலும் மொக்கைச்சாமிக்கு நெஞ்சுக்குள் ஏதோ துளிர்த்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் பவுல்ராஜிடம் போய், "அப்பு, நீ இருக்குறப்ப ஒருநா ஜெயிச்சுருவோம்டா" என்பான். "மாதா மனசு வச்சா சரிண்ணே" என்று அவன் சிரிப்பான்.

ஐம்பத்தாறு பொங்கல் கோப்பைக்கு மதுரையிலிருந்து ஒரு மில் டீம் வந்தது. அந்த வாரம்தான் ராவுத்தர் வாயைத் திறந்தார். "பத்து வருசமாச்சு. என்னயப் பாத்தா சந்தையில ஆடு விக்கிறவன்கூடச் சிரிக்கிறான். இதுலயும் தோத்தா கிளப்பக் கலைச்சுருவேன். தோல் அலசத் தெரிஞ்சவன் இருக்கட்டும், மத்தவன் ஊரு போய்ச் சேரட்டும்." பவுல்ராஜுக்குத் தோல் அலச வராது. அந்த வாடைக்கே வாந்தி எடுப்பான். கிளப் போனால் பவுல்ராஜும் போவான், பவுல்ராஜ் போனால் தன் ஞாயிற்றுக்கிழமையும் போகும் என்று மொக்கைச்சாமி பட்டறையில் உட்கார்ந்து மறுகினான். அப்படி மறுகும்போதுதான் அந்த யோசனை வந்தது.

அவனுடைய தாய்மாமன் சோலைமலை சிறுமலை அடிவாரத்தில் மாடு மேய்த்தவர். பொழுது சாய்ந்தும் ஒரு மாடு காட்டுக்குள்ளிருந்து வரவில்லையென்றால், அவர் ஒரு பூட்டை எடுத்து, மாட்டின் பேரைச் சொல்லி, "சிறுத்த வாயிக்கு இது கட்டு" என்று பூட்டிப் புதைத்துவிடுவார். பூட்டு மண்ணுக்குள் பூட்டிக் கிடக்கும்வரை சிறுத்தையின் தாடை திறக்காது. அதற்குப் பேர் வாய்க்கட்டு. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. மாடு வந்து சேர்ந்ததும் அதே சாவியால் பூட்டைத் திறந்துவிட வேண்டும். "தொறக்காம விட்டா அந்தச் சீவன் வாயடச்சுப் பட்டினி கெடந்து சாகும்டா. அந்தப் பாவம் பூட்டுனவன் தலையிலதான்" என்பார் மாமன்.

சிறுத்தைக்கு வாய் இருப்பதுபோலக் கோலுக்கும் வாய் இருக்கத்தானே செய்கிறது? பத்து வருசமாக வருகிற பந்தையெல்லாம் விழுங்குகிற வாயல்லவா அது! பட்டறைக்காரன் புத்தி வேறு எப்படிப் போகும்? ராவும் பகலுமாக உட்கார்ந்து எட்டு லீவர் வைத்து ஒரு பூட்டுச் செய்தான். வேறு எந்தச் சாவிக்கும் மசியாத பூட்டு. அவன் கையில் அதுவரை அப்படி ஒரு வேலை வந்ததில்லை.

ஆட்டத்தன்று டாஸ் போட்டு, நம்ம ஆட்கள் வடக்குக் கோலில் நிற்கிறார்கள் என்று தெரிந்ததும், இவன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்தான். மடியில் கொண்டுவந்த அரத்தால் கம்பத்தடியில் ஒரு சாண் தோண்டினான். "கோல் வாயிக்கு இது கட்டு" என்று முணுமுணுத்துப் பூட்டி, உள்ளே வைத்து மண்ணைத் தள்ளி மிதித்தான். சாவி இடுப்பு முடிச்சில். இடைவேளையில் இரண்டு பக்கமும் இடம் மாறுவார்கள் என்பது பத்து வருசம் பார்த்தவனுக்குத் தெரியாதா? விசில் ஊதியதும் தோண்டியெடுத்துத் திறந்து, தெற்குக் கோலுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிப் புதைப்பதாகத் திட்டம்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் பாதியில் ஒரு கோல்கூட விழவில்லை! மில் டீம் அடித்த பந்து இரண்டு தடவை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒரு தடவை சடையாண்டி கண்ணை மூடிக்கொண்டு நிற்க, பந்து அவன் வயிற்றில் வந்து விழுந்தது. மொக்கைச்சாமி மாமனை மனசுக்குள் கும்பிட்டான்.

இடைவேளை விசில் ஊதியதும் கம்பத்தை நோக்கி எழுந்தான். அதற்குள் மதுரையிலிருந்து ஆட்டம் பார்க்க வந்திருந்த ஏழெட்டுப் பேர் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு அதே கம்பத்தடியில் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "செத்த எந்திரிங்கய்யா" என்று சொன்னால் போதும். எதுக்கு என்பார்கள். தோண்டவா முடியும்? கோலில் செய்வினை வைத்தவன் என்று மைதானத்திலேயே உரித்துவிடுவார்கள். உரிக்காவிட்டாலும் சிரிப்பார்கள். பட்டறை வரைக்கும் அந்தச் சிரிப்பு வரும். இப்போ எழுந்துவிடுவார்கள், இப்போ எழுந்துவிடுவார்கள் என்று நின்றான். அவர்கள் எழுந்தபோது விசில் ஊதிவிட்டது. கோலுக்குள் மதுரைக் கீப்பர் வந்து நின்றான்.

இப்போது நம்ம ஆட்கள் அடிக்க வேண்டிய கோலுக்குத்தான் பூட்டு. தெற்குக் கோலில் நின்ற சடையாண்டி தப்பித் தவறி அன்றைக்கு ஒன்றும் விடவில்லை. பவுல்ராஜ் அடித்த பந்தெல்லாம் கம்பத்தை உரசிக்கொண்டு வெளியே போனது. ஒவ்வொரு தடவையும் மொக்கைச்சாமிக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கோலுக்குப் பின்னால் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றான்.

அந்த மதுரைக் கீப்பருக்கு ஒரு பழக்கம். பந்து தூரத்தில் இருக்கும்போது பூட்ஸ் நுனியால் கம்பத்தடி மண்ணைச் சீய்த்துக்கொண்டே இருப்பான். கோழி மாதிரி சீய்த்தான். ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள் இருந்தபோது, மண்ணுக்குள்ளிருந்து பூட்டின் இரும்பு வளையம் வெயிலில் மின்னியது. மொக்கைச்சாமி அதைப் பார்த்தான். வலது பக்கத்திலிருந்து பந்து வருவதையும், பவுல்ராஜ் கம்பத்தை நோக்கித் தலைதெறிக்க ஓடி வருவதையும் பார்த்தான். "பவுலு, கம்பத்துக்கிட்ட வராத!" என்று ஒரு வார்த்தை. பத்து வருசமாக அந்த மைதானத்தில் கத்திய தொண்டைதானே? அன்றைக்கு அது கத்தவில்லை. என்ன அங்கே என்று நாலு பேர் கேட்பார்களே என்று ஒரு நொடி யோசித்தது. அந்த ஒரு நொடியில் எல்லாம் முடிந்தது.

பவுல்ராஜ் சறுக்கிக்கொண்டு வந்து காலை நீட்டினான். பந்து உள்ளே போனது. முழங்கால் இரும்பில் மோதிய சத்தம், தேங்காய் உடைகிற சத்தம்போல, பின்னால் நின்றவனுக்கு மட்டும் கேட்டது.

மைதானமே எழுந்து கத்தியது. ராவுத்தர் தொப்பியைத் தூக்கி எறிந்தார். பத்து வருசமாக எந்தச் சத்தத்துக்காக ஏங்கினானோ அந்தச் சத்தத்துக்கு நடுவில், மொக்கைச்சாமி முதலில் என்ன செய்தான் தெரியுமா? அடிபட்டவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், கூட்டத்தோடு கூட்டமாகக் குனிந்து பூட்டைப் பிடுங்கி வேட்டிக்குள் செருகினான். பிறகுதான் பவுல்ராஜைப் பார்த்தான். அவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "போயிருச்சாண்ணே? பந்து போயிருச்சா?" என்று கேட்டான். "போயிருச்சுடா அப்பு" என்று இவன் அழுதான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று ஊரே நினைத்தது.

கல் குத்திவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் படுத்துக் கிடந்தான் பவுல்ராஜ். கடைசியில் டாக்டர், "எலும்பு கூடிருச்சு. ஆனா மூட்டு பூட்டிக்கிச்சு. இனிமே மடங்காது" என்று கையை விரித்தார். பக்கத்தில் நின்ற மொக்கைச்சாமிக்கு அந்தப் பூட்டிக்கிச்சு என்ற சொல் ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றியதுபோல் இறங்கியது. ஏனென்றால் சாவி தொலைந்திருந்தது. அன்றைய நெரிசலில் இடுப்பு முடிச்சு அவிழ்ந்து எங்கேயோ விழுந்துவிட்டது. மறுநாளே போய் மைதானம் முழுக்கத் துழாவியும் கிடைக்கவில்லை. பூட்டு இன்னும் திறக்கவில்லை. பட்டினி கிடக்க வேண்டிய சீவன் எது என்று தெரிந்துவிட்டது அவனுக்கு.

ஜெயித்த குஷியில் ராவுத்தர், நான் இருக்கிறவரைக்கும் கிளப் இருக்கும் என்று சத்தியம் செய்துவிட்டார். புண்ணியவான்! அதனால் விக்டரி கிளப் அடுத்த பத்து வருசமும் தடையில்லாமல் தோற்றது. பவுல்ராஜைத் தோல் ஷாப் கேட்டில் காவலுக்குப் போட்டார். ஆனந்தமேரி என்று ஒரு நல்ல பெண் அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் ஞாயிறு காலை பூசைக்குப் போவான், மாலையில் கேட்டருகே ஸ்டூல் போட்டு, மடங்காத காலை ஒரு செங்கல்மேல் நீட்டி உட்கார்ந்திருப்பான். கேட்டை விட்டு நகர முடியாததால் ஆட்டம் பார்க்க முடியாது. மொக்கைச்சாமிதான் மைதானத்திலிருந்து நேரே வந்து, முதல் கோலிலிருந்து கடைசிக் கோல் வரை ஒன்று விடாமல் ஒப்பிப்பான். "இன்னைக்கு எத்தனண்ணே?" "நாலு." "சடையாண்டி எங்கே நின்னான்?" "அவன் எங்கடா நின்னான், வேடிக்கல்ல பாத்தான்!" இருவரும் சேர்ந்து சடையாண்டியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்கள். அந்தப் பேச்சுக்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பதாகப் பவுல்ராஜ் சொல்வான். அதைக் கேட்கும்போதெல்லாம் மொக்கைச்சாமி அந்தக் காலைப் பார்க்காமல் தெருப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

வீட்டில் அந்தப் பூட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. உடைத்தால் பாவம் இரட்டிப்பாகும் என்று உடைக்கவும் பயம். ஊரில் யார் பூட்டையும் கம்பியைவிட்டுத் தடவிப் பார்த்தே சாவி செய்துவிடுகிறவன், தன் பூட்டுக்கு மட்டும் சாவி செய்ய முடியாமல் தவித்தான். செய்வான், திருப்புவான், அசையாது. ஆறு மாதம் விட்டுவிடுவான். மறுபடி அரத்தை எடுப்பான். கண்ணம்மாள் ஆரம்பத்தில் திட்டினாள், அப்புறம் பயந்தாள், அப்புறம் கேட்காமல் விட்டாள்.

அறுபத்தைந்து ஆடி மாதம் ஒரு ஞாயிறு காலை, எத்தனையாவது சாவியோ, அதைத் திருப்பினான். டொக்கென்று வளையம் எழும்பியது. மொக்கைச்சாமி பூட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பவுல்ராஜை வழியிலேயே மறித்து, அவன் காலையே பார்த்தான். கம்பை ஊன்றி, அதே காலை அதேபோல விறைப்பாக இழுத்துக்கொண்டுதான் வந்தான் அவன்.

"என்னண்ணே காலையே பாக்குற? புதுசா மொளச்சிருக்கா?"

"ஒண்ணுமில்ல பவுலு. மடக்க வருதான்னு..."

"போண்ணே, காலங்காத்தாலயே கிண்டல் பண்ணிக்கிட்டு."

வீட்டுக்கு வந்து கண்ணம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். இத்தனை வருசத்தில் அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் வெஞ்சனத்துக்கு நறுக்கிக்கொண்டிருந்த கத்திரிக்காயை அப்படியே வைத்துவிட்டு, "பூட்டத் தொறந்தா காலு மடங்குமாக்கும்? மொதல்ல ஒங்க வாயத் தொறங்க. அந்தப் புள்ளகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

அன்று மாலை ஆட்டத்துக்குப் போகாமல் பூட்டோடு நேரே தோல் ஷாப்புக்குப் போனான். நின்றபடியே சொன்னான். சிறுத்தை, மாமன், வாய்க்கட்டு, கம்பத்தடி எல்லாம் சொன்னான். பவுல்ராஜ் முதலில் திகைத்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"கோல் போஸ்ட்டுக்கு வாய்க்கட்டா! ஏண்ணே, ஒனக்கென்ன கிறுக்கா? நாம தோக்கக் கூடாதுன்னுதான பண்ணுன? போகட்டும் விடு. நான் கல்லுன்னு நெனச்சேன், அது பூட்டு. எதுவா இருந்தா என்ன?"

அத்தோடு நிறுத்தியிருந்தால் மன்னிப்பு கையில் வந்துவிட்டது. ஆனால் மொக்கைச்சாமிக்கு மிச்சமும் தொண்டையில் இருந்தது.

"இல்ல பவுலு. நீ ஓடி வாரப்பவே பூட்டு வெளிய தெரிஞ்சுச்சு. நான் பாத்தேன். கத்தியிருக்கலாம். கத்தல."

சிரிப்பு நின்றது. "ஏன் கத்தல?"

"வெக்கமாயிருந்துச்சுடா. நாலு பேரு என்னன்னு கேப்பாங்களேன்னு."

பவுல்ராஜ் நெடுநேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தான். "வாராவாரம் வந்தியேண்ணே. ஊருல அம்புட்டுப் பேரும் என்னய மறந்துட்டாங்க, மொக்கண்ணே ஒருத்தருதான் மறக்கலன்னு ஆனந்தமேரிகிட்டச் சொல்லிக்கிட்டே இருப்பேன். நீ எனக்காக வரல. அந்தப் பூட்டுக்காகத்தான் வந்துருக்க."

"அப்படியில்லடா..." என்றான் மொக்கைச்சாமி. பவுல்ராஜ் சொன்னது பாதி நிஜம் என்று அவனுக்கே தெரியும்.

"அதக் குடு. சாவியயும் குடு." வாங்கிக்கொண்டு பவுல்ராஜ் எழுந்தான். தெருப் பக்கம் திறக்கிற சின்னக் கேட்டைச் சாத்தி, கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, அந்த எட்டு லீவர் பூட்டை மாட்டிப் பூட்டினான். மொக்கைச்சாமி வெளியே நின்றான். "போண்ணே" என்றான் உள்ளேயிருந்து.

அடுத்த மூன்று ஞாயிறும் மொக்கைச்சாமி ஆட்டம் முடிந்து வந்து அந்தக் கேட்டுக்கு முன்னால் நின்றான். பூட்டு தொங்கும். உள்ளே ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான் பவுல்ராஜ். இவன் செத்த நேரம் நின்றுவிட்டு, கூப்பிட வாய் வராமல் திரும்பிவிடுவான்.

நான்காம் ஞாயிறு விக்டரி கிளப் ஒரு கேவலமான ஆட்டம் ஆடியது. அதைப் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போவது மனுசனால் ஆகிற காரியமில்லை. மொக்கைச்சாமி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கட்டிப்போன தொண்டையில், "பவுலு, இன்னைக்கு ஏழு" என்றான்.

திரும்பி நடக்கப் போனவனுக்குக் கம்பு தரையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது.

"யாரு கீப்பர்?"

"அதே சடையாண்டிதான். நாப்பது வயசாச்சு அவனுக்கு."

"அந்தத் தண்டத்த இன்னுமா நிக்கவிடுறாங்க?" பவுல்ராஜ் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது. "நம்மாளுக ஒண்ணுகூடப் போடலியா?"

"கிட்டக்கப் போச்சு. எவனாவது ஒருத்தன் காலக் குடுத்துச் சறுக்கியிருந்தா..." சொல்லும்போதே மொக்கைச்சாமிக்கு நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது.

தோல் வாடை காற்றில் வந்து போனது.

"தொண்ட கட்டியிருக்கே. கத்துனியாக்கும்?"

"கத்துனேன் பவுலு. ஆட்டம் முடியிற வரைக்கும் கத்துனேன்."

"அன்னைக்கு ஒரு தடவ கத்தியிருக்கலாம்ணே."

மொக்கைச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். கம்பிக்கு அந்தப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தமும், செங்கல்லைக் காலால் தள்ளி வைக்கிற சத்தமும் கேட்டன.

"சரி, மொத கோலு எப்படி விட்டான்? சொல்லு."

சாவி பவுல்ராஜின் சட்டைப் பையில்தான் இருந்தது. அவன் எடுக்கவில்லை. மொக்கைச்சாமியும் கேட்கவில்லை. பூட்டு தொங்குகிற கேட்டுக்கு வெளியே, தெருப் புழுதியில் குத்தவைத்து, முதல் கோலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.